அழியும் கோடு

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு தகடு வெட்டப்படுவதைப் பார்க்கிறவர்கள் தீப்பொறியைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அதற்கு முன்னால் நடக்கும் வேலை. ஜார்ஜ் டவுனின் நெருக்கமான தெருக்களில் அடைந்துகிடந்த இரும்பு வியாபாரத்தை வெளியே கொண்டுவரச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் திருவொற்றியூரை ஒட்டி அமைத்த இடம் இது. ஆங்கிள், சேனல், பீம், பிளேட் என்று இரும்பு வரிசை வரிசையாகக் கிடக்கும். வெட்ட வேண்டிய பிளேட்டைக் கிடத்தியதும் யாரும் உடனே கேஸ் கட்டரைப் பற்றவைப்பதில்லை. முதலில் டேப், மூலைமட்டம், சாக்பீஸ். அளந்து ஒரு கோடு போடுவார்கள். சரியில்லை என்றால் உள்ளங்கையால் துடைத்துவிட்டு இன்னொரு கோடு. துண்டுகளை இப்படி எடுத்தால் எவ்வளவு வீணாகும், திருப்பி எடுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கெல்லாம் அந்தச் சாக்பீஸ் கோடுகளிலேயே நடந்து முடிந்துவிடும். தீயின் வெளிச்சத்தில் கோடு மறைந்துவிடக் கூடாதே என்று, கோட்டின் மேல் பஞ்ச் வைத்துத் தட்டிப் புள்ளிகள் இடுவதும் உண்டு. அதற்கப்புறம்தான் தீ. தீ போட்ட கோட்டைத் துடைக்க முடியாது. வெட்டியது வெட்டியதுதான், தவறினால் அந்தத் துண்டு பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். அன்றாடப் பழக்கத்துக்கும் படைப்பூக்கத்துக்கும் உள்ள உறவை இந்த இரண்டு கோடுகளைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

படைப்பூக்கத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. அது ஒரு வரம், இருப்பவருக்கு இருக்கும் என்பது ஒன்று. அதிகாலை 4 மணிக்கு எழுந்து அட்டவணை போட்டு உழைத்தால் எவருக்கும் வரும் என்பது மற்றொன்று. முதல் பேச்சு மனிதரைக் காத்திருக்க வைக்கிறது. இரண்டாவது, அவரைக் குற்றவுணர்வில் தள்ளுகிறது. பழக்கம் என்றால் செய்ததையே திரும்பச் செய்வது; படைப்பு என்றால் இதுவரை செய்யாததைச் செய்வது. எதிரெதிராக நிற்கும் இந்த இரண்டும் எங்கே கைகோக்கின்றன என்ற கேள்வியை இரண்டு பேச்சுமே தொடுவதில்லை. என் பதில் இதுதான். புதிதாக ஒன்றைச் செய்ய முனைகிறவர் இரண்டு விலைகள் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, தொடங்குவதற்கான விலை: எப்போது, எங்கே, எதைக் கொண்டு என்று ஒவ்வொரு முறையும் முடிவுசெய்யும் மலைப்பு. மற்றொன்று, தவறுவதற்கான விலை: காசு வீணாகுமோ, நேரம் போகுமோ, நாலு பேர் சிரிப்பார்களோ என்ற அச்சம். நல்ல பழக்கம் இந்த இரண்டு விலைகளையும் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. தீக்கோடு போடும் துணிச்சல் எண்ணற்ற சாக்பீஸ் கோடுகளிலிருந்து வருகிறது. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்த வடசென்னைக் கடலோரத்திலேயே அது கிடைக்கிறது.

முதல் சான்று வீட்டு வாசலில் இருக்கிறது. திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ, விடியும் நேரத்தில் ஒரு வாசலில் தண்ணீர் தெளிக்கப்படுகிறது. ஈரம் காய்வதற்குள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் எடுத்த மாவு புள்ளிகளாக இறங்குகிறது. 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை என்று வைத்துக்கொள்வோம். நடு வரிசையில் 15. அதற்கு மேலும் கீழும் 14, 13 என்று குறைந்துகொண்டே போய் 8இல் நிற்கும். கூட்டிப் பார்த்தால் 169 புள்ளிகள். சிக்குக் கோலமானால் கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே சேர வேண்டும். ஓரிடத்தில் வளைவு மாறிவிட்டால் கோடு மூடாது. ஒரு முனை அந்தரத்தில் நிற்கும். கை அந்த இடத்தை மட்டும் கலைத்துவிட்டு வேறு பக்கம் வளைக்கும். சில நாள் மாறிப்போன வளைவே கண்ணுக்கு நன்றாக இருக்கும்; மற்ற மூலைகளிலும் அதையே போட்டுவிட்டால் வேறொரு கோலம் பிறந்துவிடும். செலவு ஒரு பிடி மாவு, கால் மணி நேரம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் செருப்புகளும் சைக்கிளும் அதைக் கலைத்திருக்கும். லாரி போகும் தெருவென்றால் அதற்கும் முன்பே. நல்ல கோலம் போய்விட்டதே என்று வருந்துகிறோம். பிழையான கோலமும் போய்விட்டது என்பதையும் பார்க்க வேண்டும். எந்தத் தோல்வியும் ஒரு பகலுக்கு மேல் வாசலில் நிற்பதில்லை. மறுநாள் அதே இடம், அதே நேரம், வெறும் தரை.

இந்த வெறும் தரையில் விளைந்தது என்ன என்பதைக் கணித அறிஞர்கள் எடுத்துக் காட்டினார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து கோலங்களை ஆராய்ந்து 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலக் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்று அது காட்டியது. சிறு சிறு அலகுகள், அவற்றை அடுக்கும் விதிகள். அந்த விதிகளைக் கொண்டு ஒரு சிறிய கோலத்திலிருந்து அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கோலங்களை வளர்த்துக்கொண்டே போகலாம். கணினி அறிவியலில் படங்களை விதிகளால் உருவாக்கும் ஆய்வுத்துறை இந்தக் கோலங்களை இன்றும் தன் எடுத்துக்காட்டுகளாக வைத்திருக்கிறது. இவ்வளவு நுட்பமான ஒன்றை எவரும் உட்கார்ந்து திட்டமிட்டு உருவாக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். பெயர் பதியப்படாத பெண்கள், தலைமுறை தலைமுறையாக, நாளுக்கு ஒரு கோலம் என்று போட்டுப் போட்டுக் கலைத்ததில் அது திரண்டது. பெரும்பாலான வாசல்களில் தெரிந்த கோலத்தைத்தானே திரும்பப் போடுகிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். நாம் பேசுவதும் பெரும்பாலும் பழகிய வாக்கியங்களைத்தான். ஆனால் பழகிய வாக்கியங்களை நாள் முழுதும் பேசுகிற வாயிலிருந்துதான் ஒரு நாள் புதிய பழமொழி வருகிறது. பேசாத வாயிலிருந்து வருவதில்லை.

இரண்டாவது சான்று துறைமுகத்தில் இருக்கிறது. 1912 மார்ச் 1ஆம் தேதி, சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தார் சீனிவாச இராமானுஜன். அதற்கு முன் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்திருந்தார். ஜார்ஜ் டவுனில் அப்போதிருந்த பச்சையப்பன் கல்லூரியில் படித்து எஃப்.ஏ. தேர்விலும் தோற்றிருந்தார். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாததன் விளைவு அது. தாள் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. மாதம் நாலு ரீம் தேவைப்படும், சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது அதற்கு எங்கே போவது என்று நண்பரிடம் அவர் சொன்னதாக வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. ஆகவே சிலேட்டு. எழுதுவார், முழங்கையால் துடைப்பார், மறுபடி எழுதுவார். துறைமுக அலுவலகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த கணிதப் பட்டதாரி நாராயண ஐயரோடு சேர்ந்து, இரவுகளில் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். தேர்வுத்தாள் அவரைத் தோற்றவர் என்று எழுதிவைத்தது. சிலேட்டு அவரிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஒரு பாதை எங்கும் போய்ச் சேராவிட்டால் முழங்கையின் ஒரே இழுப்பில் அது இல்லாமல் போயிற்று. வறுமை கொடுத்த கருவிதான். வறுமையைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கருவி செய்த வேலையை மதிக்க வேண்டும். அந்தச் சிலேட்டில் தவறுவதற்கு விலையே இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். எல்லாவற்றையும் அழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? பெண்கள் போட்ட ஆயிரமாயிரம் கோலங்கள் பெயரில்லாமல் போனது ஓர் இழப்பு அல்லவா? இழப்புதான். அதனால்தான் இந்த இரண்டு மரபுகளிலும் இன்னொரு பொருள் கூடவே இருந்திருக்கிறது: நோட்டு. நம் வீடுகளில் கோல நோட்டு உண்டு. மார்கழிக்காகவும் பொங்கலுக்காகவும் எதிர்வீட்டில் பார்த்ததும் பத்திரிகையில் வந்ததும் தானே கண்டுபிடித்ததும் அதில் ஏறும். அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். இராமானுஜனும் சிலேட்டில் வந்த முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். வழிமுறை துடைக்கப்பட்டது, முடிவு தங்கியது. அவருடைய நோட்டுகளில் நிறுவல்கள் அனேகமாக இல்லாததற்கு இந்தச் சிலேட்டுப் பழக்கமும் ஒரு காரணம் என்று அவரை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அந்த நோட்டுகளை 1957இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அப்படியே படியெடுத்து வெளியிட்டது. அவற்றிலுள்ளவற்றை ஒவ்வொன்றாக நிறுவும் வேலை கணித அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஓடியது. ஆக, அழிக்கும் இடம் ஒன்று, சேர்க்கும் இடம் ஒன்று என்று இரண்டு இடங்கள் வேண்டும். நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். அழகான அட்டை போட்ட நோட்டை வாங்கி, அதன் முதல் பக்கத்திலேயே சிறந்ததை எழுத நினைத்து, மூன்றாம் பக்கத்தோடு மூடிவைக்கிறோம். அந்த நோட்டு சேர்க்கும் இடம். அதற்கு முன்னால் ஒரு சிலேட்டு இருந்திருக்க வேண்டும்.

தொடங்குவதற்கான விலையைப் பற்றி மூன்றாவது சான்று பேசுகிறது. இராமலிங்க வள்ளலார் குழந்தைப் பருவத்திலிருந்து 1858 வரை சென்னையில், ஏழுகிணறு பகுதியில் வாழ்ந்தார். முதலில் கந்தகோட்டம், பின்னர் நெடுங்காலம் திருவொற்றியூர். நாள்தோறும் நடந்து போய்த் தியாகேசரையும் வடிவுடையம்மனையும் வணங்கிப் பாடினார் என்று அவருடைய வரலாறுகள் சொல்கின்றன. ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூர் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். திரும்பி வர அதே தூரம். அதே பாதை, அதே கடல், அதே சன்னிதி. எங்கே போவது, எதைப் பாடுவது என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. வடிவுடை மாணிக்க மாலையைப் பார்த்தால் இந்த ஒழுங்கு பாட்டுக்குள்ளும் வந்திருப்பது தெரியும். நூறு பாட்டுகளுக்கு மேல் ஓடும் அந்த மாலையில் பாட்டுக்குப் பாட்டு அம்மனின் அந்தப் பெயரே முடிவாக வருகிறது. யாப்பும் ஒன்றே. முடிவும் யாப்பும் முன்கூட்டியே வைக்கப்பட்ட புள்ளிகள். இடையில் ஓடும் கோடு மட்டும் ஒவ்வொரு பாட்டிலும் வேறு. அருள் எங்கிருந்து வந்தது என்பது அவருடைய அனுபவம். அதில் நாம் சொல்ல எதுவுமில்லை. அதை ஏந்தும் பாத்திரம் நாள்தோறும் எப்படித் துலக்கி வைக்கப்பட்டது என்பது நாம் பார்க்கக்கூடியது. நிலைத்த பாதையும் நிலைத்த வடிவமும் தீர்மானிக்கும் சுமையை இறக்கி வைத்தன. மனம் முழுதும் பாட்டுக்குக் கிடைத்தது.

நடைக்கும் புதிய எண்ணத்துக்கும் தொடர்பு உண்டா என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரிலி ஒப்பெசோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். ஒரு சாதாரணப் பொருளை வேறு என்னென்னவற்றுக்குப் பயன்படுத்தலாம் என்பது போன்ற கேள்விகள். உட்கார்ந்திருந்தபோது சொன்னதைவிட நடந்தபோது பெரும்பாலோர் கூடுதலான புதிய எண்ணங்களைச் சொன்னார்கள். கூடுதல் சராசரியாக 60 சதவீதம். வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களிடமும் இதே பலன் தெரிந்தது. ஆகவே இயற்கைக் காட்சி இல்லாத வடசென்னைத் தெருக்களில் நடந்து என்ன பயன் என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. நடையே வேலை செய்கிறது. அதே ஆய்வு ஓர் எல்லையையும் வகுத்தது. ஒரே ஒரு சரியான விடையைத் தேடும் கணக்குகளுக்கு நடை உதவவில்லை. இதுவும் நம் வாதத்தோடு பொருந்துகிறது. நடக்கும்போது தோன்றுவது சாக்பீஸ் கோடு. வந்தது போல் போய்விடும், போனால் நட்டமில்லை. அதில் எது நிற்கும் என்று தேர்ந்து வெட்டுவதற்கு உட்காரத்தான் வேண்டும். வள்ளலாரும் நடந்ததோடு நிற்கவில்லை. யாப்பில் அமைத்துப் பாடினார்.

இராமானுஜனும் வள்ளலாரும் பிறவி மேதைகள், அவர்களைக் காட்டிச் சாதாரண மனிதருக்குப் பாடம் சொல்வது பொருந்துமா என்று கேட்பார்கள். மேதைமை எங்கிருந்து வருகிறது என்பதை விளக்குவது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. சிலேட்டு வாங்கியவர் எல்லாரும் இராமானுஜன் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் மேதைக்கே அது தேவைப்பட்டது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கார் என்பவரின் கணிதத் தொகுப்பு 1903இல் இராமானுஜன் கைக்கு வந்தது. இங்கிலாந்தின் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதியது 1913 ஜனவரியில். இடையில் பத்தாண்டு அன்றாட வேலை. பிறவியிலேயே எல்லாம் இருந்திருந்தால் அந்தப் பத்தாண்டு எதற்கு? தமிழ் மரபு இதில் தெளிவாகவே இருந்திருக்கிறது. ஔவையார் பெயரால் வழங்கும் பழைய வெண்பா ஒன்று ஓவியத்தையும் மொழியையும் கல்வியையும் பழக்கத்தின் கணக்கில் வைக்கிறது. நட்பு, இரக்கம், ஈகை ஆகியவற்றை மட்டுமே அது பிறவியின் கணக்கில் வைக்கிறது. நாம் இன்று இதைத் தலைகீழாக்கியிருக்கிறோம். இரக்கத்தைப் பயிற்சி வகுப்பில் கற்கலாம் என்கிறோம். படம் வரையத் தெரியாத பிள்ளையைப் பார்த்து, இவனுக்கு அது பிறப்பிலேயே இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு, அதுவும் இந்த மண்ணிலிருந்தே. திரும்பத் திரும்பச் செய்வது படைப்பூக்கத்தை வளர்க்கும் என்றால், ஆலையில் முப்பது வருடம் ஒரே வேலையைச் செய்தவருக்கு அது ஏன் வளரவில்லை? கம்பிக்கட்டு தூக்கும் தோளில் படைப்புக்கு எங்கே இடம்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. திரும்பச் செய்தல் இரண்டு வகை. ஒன்றில், நாளை ஒரு கோட்டை மாற்றிப் போட எனக்கு இடம் இருக்கிறது. மற்றொன்றில் இல்லை, மாற்றினால் சம்பளம் பிடிப்பார்கள். முதலாவது பயிற்சி, இரண்டாவது சுமை. கர்நாடக இசையில் சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் வருடக்கணக்கில் சாதகம் செய்கிறார்கள். கேட்பவருக்கு அலுப்பாக இருக்கும். ஆனால் அந்தச் சாதகம் போய்ச் சேருமிடம் கற்பனாஸ்வரம். பெயரிலேயே கற்பனை இருக்கிறது. தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் பாடிய திருவொற்றியூர்க் கோயிலுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோலமும் பெண்கள் மேல் சுமத்தப்பட்ட கடமையாகவே நெடுங்காலம் இருந்தது; விடியற்காலைத் தூக்கத்தை அவர்கள் அதற்குக் கொடுத்தார்கள். அந்தக் கட்டாயத்தை நான் போற்றவில்லை. கட்டாயத்துக்குள்ளும், எந்தக் கோலம் என்று முடிவுசெய்யும் உரிமை மட்டும் அவர்கள் விரலில் இருந்தது. படைப்பு அந்த இடைவெளியில்தான் முளைத்தது. கேஸ் கட்டர் பிடிப்பவருக்கும் அந்த இடைவெளி சாக்பீஸ் கோட்டில் இருக்கிறது: எந்தத் துண்டை எங்கே வைத்தால் மிச்சம் குறையும் என்று யோசித்துப் பார்க்கும் சில நிமிடங்களில். அந்த நிமிடங்களை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டால் அவர் வெறும் கையாகிவிடுவார். ஆகவே எந்தப் பழக்கத்தையும் ஒரே கேள்வியால் சோதித்துவிடலாம்: நாளை இதில் ஒன்றை மாற்றிச் செய்ய எனக்கு இடம் உண்டா?

நேரம் என்ற மறுப்பு இன்னும் நேரடியானது. ஷிப்டு முடித்து, பஸ் பிடித்து, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஒருவரிடம் அன்றாடப் படைப்புப் பழக்கம் பற்றிப் பேசுவது வசதியுள்ளவர் பேச்சு என்பார்கள். கால் மணி நேரம் போதும், மாவு ஒரு பிடி போதும் என்பது ஒரு பாதிப் பதில். மறுபாதியை அரசியல்தான் சொல்ல வேண்டும். 1923 மே 1ஆம் தேதி தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் உயர்நீதிமன்றத்துக்கு அருகிலுள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தினார். உலகெங்கும் அந்த நாளின் மூலக் கோரிக்கை 8 மணி நேர வேலை. 8 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் ஓய்வு என்று கேட்டவர்கள், மீதி 8 மணி நேரத்தைத் தங்களுக்கென்று கேட்டார்கள். நமக்கு வேண்டிய கால் மணி நேரம் அந்த மூன்றாவது பங்கில்தான் இருக்கிறது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். படைப்பூக்கத்தைத் தனிமனிதர் முயற்சியாக மட்டும் பேசும் எவரும் இந்த வரலாற்றையும் சேர்த்துப் பேச வேண்டும். பழக்கத்துக்கு முதலில் வேண்டியது மனவுறுதி என்பார்கள். அதற்கும் முன்னால், வேலை எப்போது முடியும் என்று உறுதியாகத் தெரிய வேண்டும்.

ஒரு நாள் விட்டுவிட்டால் எல்லாம் போயிற்று என்ற பயமும் பலரை நிறுத்திவிடுகிறது. இந்தப் பயம் நோன்பிலிருந்து வந்தது. திருவொற்றியூரில் செக்கு ஆட்டும் குலத்தில் பிறந்த கலியநாயனார் கோயிலில் நாள்தோறும் விளக்கேற்றினார். வறுமை வந்தபோதும் விடவில்லை. எண்ணெய்க்கு வழியற்றுப் போன நாளில் தன் குருதியையே எண்ணெயாக்கத் துணிந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அது பக்தியின் உச்சம். அங்கே ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. பயிற்சியின் சட்டம் வேறு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லேலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கவனித்து, ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. மழை பெய்த நாளில் வாசலில் கோலம் நிற்பதில்லை. அதனால் யாருக்கும் கோலம் மறந்துபோவதுமில்லை. விடுபட்ட நாளுக்காகத் தன்னைத் தண்டித்துக்கொள்கிறவர், குறைக்க வந்த விலையைத் தாமே ஏற்றிவிடுகிறார்.

நம் காலம் அந்த விலையை வேறொரு வழியிலும் ஏற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பெண் முதன்முதலாகப் பாடிப் பார்க்கும் பாட்டும், ஒரு பையன் முதன்முதலாக எழுதிப் பார்க்கும் கானாவும் அன்றைக்கே போனில் பதிவாகி, ஸ்டேட்டஸாகி, நூறு பேர் பார்வைக்குப் போய்விடுகின்றன. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் உடனே தெரிகிறது. பார்க்கப்படுவது இன்பம்தான், வடசென்னையின் பல குரல்கள் வெளியுலகுக்குத் தெரிந்ததும் இந்த வழியில்தான். ஆனால் துடைக்கப்பட வேண்டிய முதல் கோடே தீக்கோடாகிவிட்டால், அடுத்த கோடு போடக் கை நடுங்கும். கைதட்டல் கிடைத்த கோட்டையே திரும்பத் திரும்பப் போடத் தோன்றும். இரண்டும் வளர்ச்சியை நிறுத்துபவை. யாரும் பார்க்காத பத்து முயற்சி, பிறகு பிறர் பார்க்க ஒன்று என்ற கணக்கை இளையவர்கள் வைத்துக்கொண்டால் நல்லது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் பிள்ளைகளின் பள்ளி நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மை. ஒவ்வொரு தவறுக்கும் ஒரு வட்டம். கற்பதற்குத் திருத்தம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் அத்தனை பக்கங்களும் திருத்தப்படும் பக்கங்களாகவே இருந்தால், அது தவறிப் பார்க்கும் இடம் எது? ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள பள்ளிகளில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு ஒரு நோட்டு, எந்த ஆசிரியரும் திருத்தாத, மதிப்பெண் போடாத, பெற்றோரும் கேட்டு வாங்கிப் பார்க்காத நோட்டு ஒன்று கொடுக்கலாம். அதில் அது வரையட்டும், கிறுக்கட்டும், கணக்குப் போட்டு அடிக்கட்டும். நாளுக்குக் கால் மணி நேரம், ஒரே வேளையில். ஆசிரியர்கள் இதை ஒரு வகுப்பில் தொடங்கிப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கும் இதே யோசனைதான்: ஒரு சிலேட்டு வாங்குங்கள். கடைகளில் இன்னும் கிடைக்கிறது.